சிவப்பு டப்பாவில் எந்தக் குடும்பம்?

நான் எதையும் இரண்டு தடவை பூட்டிப் பார்க்கிறவன். இருபத்தாறு வருடமாக இந்தப் பயிர் ஆராய்ச்சிக்கூடத்தின் ஸ்டோர் என் பொறுப்பில் இருக்கிறது. இன்றுவரை ஒரு கண்ணாடிக் குடுவைகூடக் காணாமல் போனதில்லை. எந்த உறையையும் அரக்கு வைத்து முத்திரை குத்தாமல் வெளியே விடமாட்டேன் என்பதால் எனக்கு 'முத்திரை' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். கேலிக்கு வைத்ததுதான், நிலைத்துவிட்டது. சொந்தப் பெயர் இப்போது சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருக்கிறது.

இவ்வளவு கறாரான நான்தான் டாக்டரம்மாவின் நான்கு வருட உழைப்பைத் தூக்கி என் அக்கா கையில் கொடுத்துவிட்டு, அடுத்த மாதமே அந்த அக்காவோடு சண்டையும் போட்டுக்கொண்டு வந்தேன். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். நானோ தரையில் நானே எண்ணெயை ஊற்றிவிட்டு அதன்மேல் நடந்தவன்.

டாக்டரம்மா ஊசி போடுகிற டாக்டர் இல்லை. தக்காளிச் செடியில் ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கியவர். அவர் சொல்வது எனக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. ஒருநாள் என் ஸ்டோர் பீரோவைக் காட்டியே விளக்கினார். இலை வெளிச்சத்தைப் பிடித்து உணவாக்குகிறது அல்லவா, அந்த வேலைக்கென்று செடிக்குள் சில மரபணுக்கள் இருக்கின்றன. அவை பீரோவுக்குள் இருக்கும் சாமான்கள் மாதிரி. பெற்ற செடியிடமிருந்து பிள்ளைச் செடிக்கு அப்படியே வந்துவிடும். ஆனால் பீரோவுக்குப் பூட்டு என்று ஒன்று உண்டே. மரபணுவின்மேல் மெத்தில் என்று துளியூண்டு ஒரு குறி ஒட்டிக்கொண்டால் பெரும்பாலும் பூட்டு விழுந்தது என்று அர்த்தம். சாமான் உள்ளேதான் இருக்கும், எடுக்கத்தான் முடியாது. குறி உதிர்ந்தால் பீரோ திறந்துகொள்ளும்.

அவருடைய கட்சி இதுதான். ஒரு செடியைச் சின்ன வயதில் சில வாரம் நிழலில் வைத்து வாட்டினால், கிடைக்கிற கொஞ்ச வெளிச்சத்தையும் விடாமல் பிடிக்க வேண்டுமே என்று அது தன் பூட்டுகளைத் திறந்துவிடும். திறந்தது திறந்தபடியே விதை வழியாகப் பிள்ளைக்கும் பேரனுக்கும் போகும். பிறந்ததிலிருந்து நிழலையே பார்க்காத பேரன் செடியை ஒருநாள் நிழலில் வைத்தாலும், தாத்தா பட்ட பாட்டைக் கேட்டு வளர்ந்த மாதிரி அது வெளுக்காமல் நிற்கும்.

இதை நம்பாதவர்கள் எங்கள் கூடத்திலேயே நிறையப் பேர் இருந்தார்கள். கடைசியில் மேலிடத்திலிருந்து கெடு வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு மூன்று பேர் கொண்ட குழு வந்து உட்காரும். பேரன் செடிகள் டாக்டரம்மா சொன்னபடி நடந்திருந்தால் அவருக்கு வேலையும், விளக்கு வெளிச்சத்தில் செடி வளர்க்கும் அந்த அறையும் இன்னும் மூன்று வருடத்துக்கு உண்டு. இல்லையென்றால் மாதக் கடைசியோடு அவர் வீட்டுக்கு, அறை மீன் வளர்ப்புப் பிரிவுக்கு. அந்தப் பிரிவின் தலைவரை நாங்கள் மீன்காரர் என்போம். அவர் அளவு டேப்போடு ஏற்கெனவே இரண்டு தடவை வந்துவிட்டுப் போயிருந்தார். வீடு பார்க்க வந்தவர்போலச் சுவரைத் தட்டிப் பார்த்து, "தொட்டி இந்தப் பக்கம் வரும்" என்று செடிகளின் காதுபடவே சொன்னார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த டேப்பை ஸ்டோர் சாமான் என்று சொல்லிப் பிடுங்கி வைத்திருப்பேன்.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. இலையை அளக்கிறவருக்கு எந்தச் செடி எந்தக் குடும்பம் என்று தெரியக் கூடாது. தெரிந்தால் கை எவ்வளவு நேர்மையாக இருந்தாலும் கண் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். அதனால் ஒன்பது மாதத்துக்கு முன்னால் டாக்டரம்மா இரண்டு விதைப் பாக்கெட்டுகளை என்னிடம் கொடுத்தார். ஒன்றில் 'நிழல்', இன்னொன்றில் 'வெயில்' என்று அவர் கையாலேயே எழுதிக் கையெழுத்தும் தேதியும் போட்டிருந்தார். தாத்தா செடி வாழ்ந்த இடத்தை வைத்துப் பெயர்.

"நாற்பது தொட்டியில கலந்து விதைங்க. எந்த நம்பர்ல எதுன்னு எழுதி சீல் வெச்சிருங்க. நானே வந்து கால்ல விழுந்து கேட்டாலும் சொல்லக் கூடாது."

"என் உயிர் போனாலும் சொல்ல மாட்டேன் மேடம்."

"உயிர் போறதுக்கு முன்னாடி சொல்லிருங்க" என்றார் அவர்.

எனக்கு அன்று மத்தியானமே ஒரு கவலை பிடித்துக்கொண்டது. அளக்கிறவர் அவர், சரி. ஆனால் தண்ணீர் ஊற்றுகிறவன் நான். எந்தத் தொட்டி நிழல் குடும்பம் என்று எனக்குத் தெரியுமே. பாவம், தாத்தா காலத்திலிருந்து வெளிச்சம் இல்லாமல் கஷ்டப்பட்ட குடும்பம் என்று ஒரு கை தண்ணீர் கூடுதலாக ஊற்றிவிட்டால்? ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு என்று ஆகிவிடாதா? என் மனசு எனக்குத் தெரியும். வெளியே கறார், உள்ளே கஞ்சிபோல இளகியது.

ஆகவே எனக்கும் தெரியக் கூடாது என்று முடிவு செய்தேன். இரண்டு காலி டப்பாக்களையும் பாக்கெட்டுகளையும் எடுத்துக்கொண்டு நேரே அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு பாக்கெட்டைச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிய டப்பாவிலும் மற்றதை நீல ஸ்டிக்கர் ஒட்டிய டப்பாவிலும் கொட்டிக் கொண்டுவந்தாள். எதில் எது என்று அவளுக்கு மட்டும் தெரியும். "யார் கேட்டாலும் சொல்லாதேக்கா. நான் கேட்டாலும்தான்" என்றேன். அவள் காலிப் பாக்கெட்டுகளை எங்கேயோ வைத்துக்கொண்டு, "போடா, பெரிய ராணுவ ரகசியம்" என்றாள். நான் தொட்டிகளில் விதைத்து, எந்த நம்பரில் எந்த நிறம் என்று பட்டியல் எழுதி, அந்த உறையையும் டப்பாக்களையும் சீல் வைத்துப் பீரோவில் பூட்டினேன்.

அடுத்த மாதம் அக்கா வீட்டில் விருந்து. அவள் மகளுக்குக் கல்யாணமாகி, சம்பந்தி வீட்டார் முதல் தடவையாக வந்திருந்தார்கள். சம்பந்தியம்மா தன் கணவரின் குறட்டையைப் பற்றிச் சொல்லி அலுத்துக்கொண்டார். அக்கா உடனே, "நல்லவேளை, எங்க குடும்பத்துல அந்தப் பழக்கமே கிடையாது" என்றாள்.

அங்கே நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். ஆனால் இருபத்தாறு வருடமாக ஆதாரம், ஆதாரம் என்று கேட்டே பழகியவன். போன வருடம் பஸ்ஸில் பதிவு செய்த அக்காவின் குறட்டை என் போனில் இருந்தது. எடுத்துப் போட்டேன். இரண்டு நிமிடம் நாற்பது விநாடி. நடுவில் ஒரு விசில்கூட வரும். சம்பந்தி வீட்டார் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. எழுந்து உள்ளே போனவள் நான் கிளம்பும்வரை வெளியே வரவே இல்லை.

"உண்மையைத்தானே சொன்னேன்" என்று வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன்.

"உண்மைதான். நீங்க அதைச் சபையில வெச்சுச் சொன்னீங்களே, அதுவும் உண்மைதான்" என்றாள் அவள்.

எட்டு மாதம் ஓடிவிட்டது. அக்கா என் நம்பரைத் தடுத்துவைத்தாள். நானும் வீம்புக்கு அந்தத் தெருப் பக்கமே போகவில்லை. சாப்பிட உட்காரும்போதெல்லாம் நினைப்பு வரும். வந்தால் இன்னும் ஒரு கவளத்தை வாயில் போட்டு அடைத்துக்கொள்வேன்.

குழு வருவதற்கு முந்தின நாள் வியாழக்கிழமை, காலை பதினொரு மணி. அளவெல்லாம் முடிந்து, இலைகளை அரைத்துப் பூட்டுகளை எண்ணும் வேலையும் முடிந்திருந்தது. டாக்டரம்மாவின் கண் இரண்டும் பளபளவென்று இருந்தது. "நாற்பதையும் நிழல்ல வெச்சோம். இருபது செடி பச்சைப் பசேல்னு நின்னுச்சு. அதுங்களுக்குப் பூட்டெல்லாம் திறந்திருக்கு. மத்த இருபதும் வெளுத்துப் போச்சு. நடுவாந்தரமா ஒண்ணுகூட இல்ல. உறையைப் பிரிங்க" என்றார்.

அரக்கை உடைத்தேன். பட்டியலை நீட்டினேன். அவர் விரலை வைத்து வரிசையாகச் சரிபார்த்தார். பச்சையாக நின்ற இருபதும் சிவப்பு. வெளுத்த இருபதும் நீலம். ஒன்றுகூடப் பிசகவில்லை.

"அடேயப்பா!" என்று நாற்காலியில் சாய்ந்தார். பிறகு நிமிர்ந்தார். "சரி, சிவப்புன்னா எது? நிழலா, வெயிலா?"

"அது எனக்குத் தெரியாது மேடம்."

"தெரியாதா?"

"தெரியக் கூடாதுன்னுதான்…" என்று ஆரம்பித்து, தண்ணீர், வெண்ணெய், சுண்ணாம்பு, அக்கா என்று எல்லாவற்றையும் சொன்னேன். குறட்டையையும் சொன்னேன். அவர் என்னைத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் மேஜையில் தலையைச் சாய்த்துக்கொண்டார்.

"சிவப்பு நிழலா இருந்தா நான் சொன்னது சரி" என்றார் அப்படியே. "வெயிலா இருந்தா அப்படியே தலைகீழ். நிழல்ல கஷ்டப்பட்ட செடியோட பேரனும் கஷ்டப்படுதுன்னு ஆயிடும். நாலு வருஷமா ஊரெல்லாம் மாத்திச் சொல்லிட்டு இருந்திருக்கேன்னு ஆயிடும்."

"இலையைப் பார்த்தே கண்டுபிடிக்க முடியாதா மேடம்? பூட்டு திறந்திருந்தா நிழல் குடும்பம்னு…"

"அதைத்தானய்யா நிரூபிக்கணும்! அதையே சாட்சிக்குக் கூப்பிட்டா? நாளைக்கு உட்காரப் போறவங்க என்ன பொம்மையா?"

அவரே தன் போனில் அக்காவைக் கூப்பிட்டார். விஷயத்தை மரியாதையாகச் சொன்னார். மறுமுனையில் ஒரே ஒரு வாக்கியம் வந்தது. போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"என்ன சொன்னா?"

"'அவனை வரச் சொல்லுங்க'ன்னாங்க."

அக்கா வீடு மூன்றாவது மாடி. ஏறும்போது ஒவ்வொரு படியிலும் என்ன பேசுவது என்று ஒன்று யோசித்து, அடுத்த படியில் அதை அழித்தேன். அத்தான்தான் கதவைத் திறந்தார். என்னைப் பார்த்ததும் அவர் முகத்தில், தகராறு செய்த குடித்தனக்காரர் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போன மாதிரி ஒரு நிம்மதி. அக்கா சோபாவில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"வந்தவரை உட்காரச் சொல்லுங்க" என்றாள் அத்தானிடம்.

"உட்காருப்பா" என்றார் அத்தான்.

"அக்கா, நாளைக்குக் குழு வருது…"

"எதுக்கு வந்திருக்கார்னு எனக்குத் தெரியும்னு சொல்லுங்க."

"தெரியுமாம்" என்றார் அத்தான்.

"அந்த அம்மா வேலை போயிடும்க்கா. என்மேல இருக்கிற கோபத்தை…"

அக்கா ஒரு தலையணை உறையை உதறினாள். "சபையில போட்ட குறட்டைக்குச் சபையிலதான் பதில் வரணும். சொந்தக்காரங்க குரூப்புல சம்பந்தி வீட்டுக்காரங்களும் இருக்காங்க. அதுல எழுதச் சொல்லுங்க. அந்தக் குறட்டை அவரோடதுன்னு. பதிவையும் அழிக்கச் சொல்லுங்க."

"அக்கா, அது பொய்!"

"இஷ்டம் இல்லைன்னா கதவு திறந்துதான் இருக்குன்னு சொல்லுங்க."

"கதவு…" என்று அத்தான் ஆரம்பித்தார்.

"கேட்டுச்சு அத்தான்."

ஒரு பாட்டிலுக்குக்கூடத் தப்பான லேபிள் ஒட்டாதவன் நான். அமிலம் என்றால் அமிலம், தண்ணீர் என்றால் தண்ணீர். என்னைப் போய்ப் பொய் எழுதச் சொல்கிறாள். போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மேஜையில் சாய்ந்து கிடந்த டாக்டரம்மாவின் தலை நினைவுக்கு வந்தது. அதோடு, சொன்னால் என்ன, அன்று விருந்தில் எழுந்து உள்ளே போன அக்காவின் முதுகும் நினைவுக்கு வந்தது. எட்டு மாதமாக அதை நினைக்காமல் இருக்கத்தான் அத்தனை கவளம் சாப்பிட்டிருக்கிறேன்.

எழுதினேன். 'அன்று நான் போட்டுக் காட்டிய குறட்டை என்னுடையது. அக்காவுடையது என்று தவறாகச் சொல்லிவிட்டேன். மன்னிக்கவும்.' பதிவை அவள் எதிரிலேயே அழித்தேன். குரூப்பில் முதல் பதில் அத்தானிடமிருந்து வந்தது. இரண்டு கைகூப்பிய ஒரு கும்பிடு. முப்பது வருடமாக அவள் பக்கத்தில் தூங்குகிற மனிதர். அடுத்து சம்பந்தியம்மா, 'அதானே பார்த்தேன்!' என்று எழுதினார்.

அக்கா அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு நேராக என்னைப் பார்த்து, "இளைச்சுப் போயிட்டடா" என்றாள். நான் நான்கு கிலோ கூடியிருந்தேன்.

"சிவப்பு எதுக்கா?"

"சொல்ல மாட்டேன்."

"என்னக்கா இது அநியாயம்!"

"நீ கேட்டாலும் சொல்லக் கூடாதுன்னு நீதானே சொன்ன? உன்கிட்ட சொன்னா நீ சொன்னதா ஆயிடும். நாளைக்கு நானே வந்து சொல்றேன்."

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. டாக்டரம்மாவுக்கும் இறங்கியிருக்காது.

வெள்ளிக்கிழமை மூன்று மணி. நீள மேஜைக்கு அந்தப் பக்கம் குழு. நடுவில் உட்கார்ந்திருந்த தலைவி, நரைத்த முடியைக் குட்டையாக வெட்டிய, சிரிக்கவே தெரியாதவர்போல இருந்த ஓர் அம்மா. மீன்காரரும் பார்வையாளராக வந்து கதவோரம் உட்கார்ந்திருந்தார். சட்டைப் பையில் டேப். டாக்டரம்மா படங்களைக் காட்டி, சிவப்பும் நீலமும் எப்படிப் பிரிந்தன என்று சொல்லி முடித்தார். கடைசியில், "சிவப்பு எந்தக் குடும்பம்னு எனக்கே இன்னும் தெரியாது" என்றார்.

குழு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டது. "யாருக்குத் தெரியும்?" என்றார் தலைவி.

"எனக்கு" என்று அக்கா எழுந்தாள்.

"நீங்க இங்க என்ன வேலை பார்க்கறீங்க?"

"எனக்கு இங்க வேலை இல்லைங்க. இந்த முத்திரையோட அக்கா நான்."

தலைவி பேனாவை வைத்துவிட்டார். "அப்போ இந்த ஒன்பது மாசத்துல தம்பி உங்ககிட்ட கேட்டிருக்கலாமே? கேட்டுட்டுத் தண்ணியைக் கூட்டிக் குறைச்சு ஊத்தியிருக்கலாமே?"

"எப்படிங்க கேட்பான்? முதல் மாசம் அவன் கேட்கவே இல்லை. அப்புறம் எட்டு மாசமா நான் அவன்கிட்ட பேசவே இல்லையே. நேத்து சாயங்காலம்தான் பேசினேன். நேத்தும் சொல்லலை."

"ஏன் பேசலை?"

அக்கா என்னைப் பார்த்தாள். "குடும்ப விஷயம்" என்றாள்.

"கோபமா?"

"இன்னும் கொஞ்சம் இருக்கு."

தலைவி மற்ற இருவரின் பக்கம் திரும்பினார். "பார்த்துக்கிட்டீங்களா? நாம ரகசியம் காக்க விதிமுறையெல்லாம் எழுதறோம். ரெண்டே நாள்ல காபி குடிக்கிற இடத்துல வெளிய வந்துடுது. இவங்க பேச்சையே நிறுத்தியிருக்காங்க." குறித்துக்கொண்டார். நான் வெட்கப்பட்ட ஒன்றை அந்த அம்மா மதிப்பெண் போட்டு எழுதிக்கொள்வதைப் பார்த்து எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

"சரி, ஆதாரம்?"

அக்கா நிதானமாகக் கைப்பையைத் திறந்தாள். முதலில் கண்ணாடியை எடுத்தாள். துடைத்தாள். போட்டுக்கொண்டாள். டாக்டரம்மா என் முழங்கையைப் பிடித்திருந்த பிடியில் எனக்கு ரத்த ஓட்டம் நின்றுவிட்டது. பிறகு அக்கா இரண்டு காலிப் பாக்கெட்டுகளை மேஜைமேல் கவிழ்த்து வைத்தாள்.

"டப்பாவைக் கொண்டா" என்றாள் என்னிடம்.

டப்பாக்கள் ஸ்டோர் பீரோவிலிருந்து சீலோடு வந்தன. சீலை உடைத்தேன். அப்போதுதான் கவனித்தேன்: டப்பாவில் இருந்தது முழு ஸ்டிக்கர் இல்லை. வட்டத்தில் பாதி. வெட்டிய விளிம்பு பல் பல்லாக இருந்தது. மற்றப் பாதி பாக்கெட்டில்.

"ஒரே ஸ்டிக்கரைக் கத்தரிக்கோலால வளைச்சு வளைச்சு வெட்டினேன். பாதி இங்க, பாதி அங்க" என்றாள் அக்கா. "என்னைக்காவது ஆதாரம் எங்கன்னு கேட்பான்னு தெரியும். அவன் புத்தி எனக்குத் தெரியாதா?"

தலைவி சிவப்புப் பாதி ஒட்டிய பாக்கெட்டை எடுத்து டப்பாவோடு சேர்த்தார். பல்லோடு பல் பொருந்தியது. பாக்கெட்டைத் திருப்பினார். டாக்டரம்மாவின் கையெழுத்து, ஒன்பது மாதத்துக்கு முந்தின தேதி, அதன் மேலே ஒரே ஒரு சொல்.

"நிழல்" என்று வாசித்தார். சிரிக்கவும் செய்தார்.

டாக்டரம்மா அழுதாரா சிரித்தாரா என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. இரண்டும் ஒன்றாக வந்தது. மூன்று வருடம் என்றார்கள், அறை அவருக்கே என்றார்கள். மீன்காரர் டேப்பைப் பையின் அடிவரை தள்ளிவிட்டு வாழ்த்துச் சொல்லிப் போனார். டாக்டரம்மா அக்காவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "அடுத்த தலைமுறைச் செடிக்கும் நீங்கதான் டப்பா மாத்தித் தரணும். சண்டை மட்டும் வேண்டாம்" என்றார்.

"சண்டை தேவைப்பட்டா அவனே ஆரம்பிச்சுருவான்" என்றாள் அக்கா.

அக்காவை வீட்டில் விடுவதற்காக நானும் அவளோடு பஸ் ஏறினேன். ஜன்னலோரம் அவள், பக்கத்தில் நான்.

"அந்தப் பாக்கெட்டைக் கிழிச்சுப் போட்டிருக்கலாமேக்கா. அவ்வளவு கோபம் இருந்துச்சே."

"உன்கிட்ட பேசப் பிடிக்கலைடா. அதுக்காக நீ நம்பிக் கொடுத்ததைத் தூக்கிப் போடுவேனா? துணி அலமாரியில என் நல்ல துணிக்கு அடியிலதான் வெச்சிருந்தேன். ஒவ்வொரு தடவை துணி எடுக்கும்போதும் உன் ஞாபகம் வரும். எரிச்சலா வரும்."

எனக்குக் கண் கலங்கியது, தூசி என்று சொல்லத் தயாராக இருந்தேன். ஆனால் அவள் கேட்கவில்லை. முந்தின நாள் அவளும் தூங்கவில்லை போலிருக்கிறது. இரண்டு நிறுத்தம் தாண்டுவதற்குள் தலை என் தோளில் சாய்ந்தது. மூன்றாவது நிறுத்தத்தில் ஆரம்பித்தது. அதே குறட்டை. அதே இடத்தில் அந்த விசில்.

முன் இருக்கைக்காரர் திரும்பினார். எதிர்ப்பக்கம் இருந்த இரண்டு பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு யார் என்று தேடினார்கள். அவர்கள் பார்வை எங்கள் இருக்கைக்கு வருவதற்குள் நான் தலையைப் பின்னால் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டேன். வாயையும் கொஞ்சம் திறந்து வைத்தேன்.